அரபு பேசிய அரிஸ்டாட்டில் – 14: முடியால் முகம் மறைத்தவர்

கஸ்ஸாலி 1095-இல் எழுதி முடித்த ‘தத்துவவாதிகளின் தடுமாற்றம்’ பற்றி இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். ஆனால் கிரேக்க அறிவை வரி வரியாகச் சுமந்து வந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கை ஓரிரு வரிகளில் தாண்டிப்போக மனம் வரவில்லை.

ஹீரா நகரத்து மருந்து வணிகர் மகன், நெஸ்தோரியக் கிறிஸ்தவர். பாக்தாதில் யூஹன்னா இப்னு மாசவைஹிடம் மருத்துவம் படிக்கப் போனார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒருநாள் யூஹன்னா பொறுமை இழந்தார். ஹீராக்காரனுக்கு மருத்துவம் எதற்கு, தெருவில் உட்கார்ந்து காசு மாற்றிப் பிழைத்துக்கொள் என்று விரட்டிவிட்டார். அழுதபடி வெளியேறினார் ஹுனைன். கேள்வி கேட்ட மாணவனை ஊர்ப்பெயர் சொல்லி இழிவுபடுத்திய அந்த ஆசான், எத்தனை கலீஃபாக்களுக்கு நாடி பார்த்திருந்தாலும், என் கண்ணில் சிறியவர்தான்.

பிறகு ஹுனைனைக் காணோம். சில ஆண்டுகள் கழித்து, யூசுஃப் என்பவர் நண்பர் வீட்டுக்குப் போனபோது ஒரு மனிதரைப் பார்க்கிறார். நீண்ட தலைமுடி முகத்தைப் பாதி மறைத்திருக்கிறது. அங்குமிங்கும் நடந்தபடி ஹோமரின் கவிதையைக் கிரேக்கத்திலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார். குரலை வைத்துத்தான் யூசுஃப் அடையாளம் கண்டார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஹுனைன் கேட்டுக்கொண்டார். கிரேக்கத்தைக் கரைத்துக் குடிக்கும்வரை ஊர் கண்ணில் படுவதில்லை என்ற வைராக்கியம்!

பின்னாளில் அவருடைய மொழிபெயர்ப்பு ஒன்று யூஹன்னாவின் கைக்கு வந்தது. செய்தவர் யார் என்று தெரியாமலே அசந்துபோனார். தெரிந்ததும் சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார்.

ஹுனைனின் வேலைமுறையைப் பாருங்கள். சுமார் இருபது வயதில், பிழை மலிந்த ஒற்றைக் கிரேக்கப் பிரதியை வைத்து, கிரேக்க மருத்துவர் காலனின் நூலொன்றைச் சிரியாக் மொழிக்குக் கொண்டுவந்தார். நாற்பதை நெருங்கியபோது மாணவர் ஹுபைஷ் அதைத் திருத்தித் தரக் கேட்டார். அதற்குள் ஹுனைனிடம் பல பிரதிகள் சேர்ந்திருந்தன. அவற்றை ஒப்பிட்டு முதலில் சரியான கிரேக்க மூலத்தை உருவாக்கினார். பிறகுதான் தன் பழைய மொழிபெயர்ப்பில் கைவைத்தார். நம் உ.வே.சா. சுவடிகளோடு மல்லாடியதைப் படித்தவர்களுக்கு இந்த உழைப்பின் எடை தெரியும். மகன் இஸ்ஹாக் அரிஸ்டாட்டிலை அரபுக்குக் கொண்டுவந்ததும் இந்தப் பட்டறையில் பயின்ற கையால்தான்.

ஒரு நூல் மட்டும் அவரை அலைக்கழித்தது. எது நிரூபணம், எது வெறும் வாதம் என்று பிரித்துக்காட்ட காலன் எழுதிய ‘நிரூபணம்’. அதைத் தேடி மெசபடோமியாவின் வடபகுதி, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலைந்து அலெக்சாண்டிரியா வரை போனார். கடைசியில் டமாஸ்கஸில் கிடைத்தது பாதி அளவுதான். அதுவும் வரிசை குலைந்த ஏடுகள். கிடைத்ததை மொழிபெயர்த்தார். முழு கிரேக்க மூலம் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

கஸ்ஸாலி அடுத்த வாரம்.

(தொடரும்)