ஒரு சைலன்சர் கட்டிய கம்பெனி: கார்லோ அபார்த் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

ராத்திரி பதினோரு மணி, தெரு அடங்கிடுச்சு. தூரத்துல எங்கேயோ ஒரு வண்டி திரும்புது. கண்ணுக்கு இன்னும் தெரியல, ஆனா அது சாதாரண வண்டி இல்லைன்னு காது சொல்லிடுது. இன்னைக்கு நம்ம கதை அந்தச் சத்தத்தைப் பத்தினதுதான்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குற நிறைய பேர் முதல்ல கை வைக்கிற இடம் இன்ஜின் இல்லை, சைலன்சர். "எக்ஸாஸ்ட் மாத்திட்டேன், வண்டி பறக்குது"ன்னு சொல்லுவாங்க. வண்டி நிஜமாவே வேகமாப் போகுதா, இல்ல வேகமாப் போற மாதிரி கேக்குதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினா, 1949ல் இத்தாலியில் தொடங்கிய ஒரு சின்ன கம்பெனியில் போய் நிக்கணும். அதோட பேர் அபார்த்.

சைலன்சர் என்ன பண்ணுது?

இன்ஜினுக்குள்ள ஒவ்வொரு தடவை பெட்ரோல் எரியும்போதும், சூடான புகை பெரிய அழுத்தத்தோட வெளியே பாயும். சைலன்சர் இல்லாம அப்படியே விட்டா துப்பாக்கி வெடிக்கிற மாதிரி கேக்கும். அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் இதை அடக்கும் சாதனத்துக்கு 1897லேயே காப்புரிமை வாங்கிட்டாங்க.

அக்கால கார்களின் வழக்கமான சைலன்சர், உள்ளே தடுப்புச் சுவர்கள் வெச்ச ஒரு டப்பா. புகை முட்டி மோதி, வளைஞ்சு நெளிஞ்சு வெளியே வரும்போது சத்தம் குறையும். ஆனா புகை தங்குற நேரத்துக்கு இன்ஜின் மூச்சுத் திணறும். பழைய புகை முழுசா வெளியே போனாத்தானே புதுக் காத்து உள்ளே வரும்? அதனால ஆரம்ப காலத்துக் கார்கள் சிலதுல ஒரு லீவர் இருந்தது. அதை இழுத்தா, புகை சைலன்சருக்குள்ள போகாம நேரா வெளியே போயிடும். மேடு ஏறும்போது டிரைவர் அதை இழுப்பார். ஊரே காதைப் பொத்திக்கும்.

ஆக, அமைதி வேணும்னா சக்தி கொஞ்சம் போகும், சக்தி வேணும்னா அமைதி போகும். இந்த இழுபறிக்கு நடுவுலதான் நம்ம ஆள் வர்றார்.

வியன்னாவிலிருந்து வந்தவர்

கார்ல் அபார்த் 1908 நவம்பர் 15ஆம் தேதி வியன்னாவில் பிறந்தார். மேற்கத்திய கணக்குப்படி விருச்சிக ராசி. பின்னாளில் அவர் கார்களில் எல்லாம் ஒட்டின தேள் சின்னம் அதிலிருந்து வந்ததுதான். இளம் வயதில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1934ல், வியன்னாவுக்கும் பெல்ஜியத்தின் ஒஸ்டெண்டுக்கும் இடையே ஓடிய ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோட, சைடுகார் பூட்டிய பைக்கில் போட்டி போட்டார். தூரம் 1,300 கிலோமீட்டருக்கு மேல். ரயிலை முந்தினார்.

போருக்குச் சற்று முன்னால் லுப்லியானாவில் நடந்த ஒரு மோசமான விபத்து, பைக் பந்தயத்தை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. போர் முடிந்ததும் இத்தாலிக்கு வந்தார், கார்ல் என்ற பெயர் கார்லோ ஆனது. டுரின் நகரத்தில் சிசிட்டாலியா என்ற பந்தயக் கார் கம்பெனியில் சேர்ந்தார். அதன் முதலாளி பியரோ டுசியோவுக்குப் பெரிய கனவு. போர்ஷே நிறுவனத்திடம் ஒரு கிராண்ட் பிரி காரையே வடிவமைக்கச் சொன்னார். அந்தக் கனவு கம்பெனியின் பணத்தை எல்லாம் விழுங்கிவிட்டது. டுசியோ அர்ஜென்டினாவுக்குக் கிளம்பிவிட்டார்.

அபார்த் கையில் மிஞ்சினது சில பந்தயக் கார்களும் உதிரி பாகங்களும்தான். அதை வெச்சு, ஸ்காலியாரினி குடும்பத்தின் பண உதவியோட, 1949 மார்ச் 31 அன்று 'அபார்த் அண்ட் கோ' தொடங்கினார். அடுத்த வருஷமே, 1950 ஏப்ரலில், தாசியோ நுவோலாரி என்ற மாபெரும் வீரர், சிசிலியின் மோன்ட்டே பெல்லெக்ரீனோ மலைப் பந்தயத்தில் அபார்த் காரை ஓட்டித் தன் பிரிவில் முதலிடம் பிடித்தார். அதுதான் நுவோலாரியின் கடைசிப் பந்தயம்.

பேர் கிடைச்சாச்சு. ஆனா பந்தயத்துல பேர் வரும், பணம் வராது. சிசிட்டாலியா மூழ்கினதைப் பக்கத்துல இருந்து பார்த்தவருக்கு இது நல்லாவே தெரியும்.

கருப்பு உடல், குரோம் வாய்

அப்போதான் சைலன்சர். இத்தாலிய மொழியில் அதுக்கு 'மார்மிட்டா'ன்னு பேர். அதே சொல்லுக்குப் பெரிய சமையல் பாத்திரம்னும் ஒரு அர்த்தம் உண்டு. நம்ம மொழியில சொன்னா, வண்டிக்கு அடியில தொங்குற ஒரு அண்டா.

அபார்த்தின் சைலன்சரில் புகை முட்டி மோதத் தேவையில்லை. நடுவில் துளை போட்ட ஒரு நேர்க் குழாய், அதைச் சுத்தி கண்ணாடி இழைப் பஞ்சு. புகை நேரா வெளியே போகும். சத்தத்தின் ஒரு பகுதி துளைகள் வழியாப் பஞ்சுக்குள்ள போய் அடங்கும். காதைக் குத்துற ஒலி குறைஞ்சு, அடித்தொண்டையிலிருந்து வர்ற உறுமல் மட்டும் மிஞ்சும். வெளியே கருப்புப் பூச்சு, குழாயின் வாய்க்கு மட்டும் பளபளக்கும் குரோம். பார்த்தவுடனே அபார்த்னு தெரியும்.

யார் வாங்கினாங்க? போர் முடிந்த இத்தாலியில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடியாதவங்க. அவங்ககிட்ட இருந்தது ஃபியட் டோப்போலினோ மாதிரி குட்டிக் கார்கள். 569 சிசி இன்ஜின், ஆரம்ப மாடலில் வெறும் 13 குதிரைத்திறன். ஸ்போர்ட்ஸ் காரின் விலையில் ஒரு துளியைக் கொடுத்தா, அதன் குரல் கிடைச்சது. அபார்த் புரிஞ்சுக்கிட்டது இதைத்தான்: வேகம் சிலருக்குத்தான் கட்டுபடியாகும், வேகத்தின் சத்தம் எல்லாருக்கும் கட்டுபடியாகும்.

ஃபியட்டில் தொடங்கி, போர்ஷே 356 வரைக்கும் பல கார்களுக்கு அபார்த் சைலன்சர் வந்தது. 1962ல் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் மேல் தயாரிச்சாங்க. அதில் பாதிக்கு மேல் வெளிநாடுகளுக்குப் போனது. பந்தயக் கார் கம்பெனின்னு உலகம் நினைச்ச ஒரு கம்பெனி, தினசரி வயித்துப்பாட்டுக்கு நம்பினது இந்தக் கருப்பு அண்டாவைத்தான்.

அப்போ வேகம்?

நம்ம கேள்விக்கு அபார்த்தின் சொந்தக் கார்களே பதில் சொல்லுது. 1963ல் வந்த ஃபியட் அபார்த் 595ஐ எடுத்துக்கோங்க. அடிப்படையான ஃபியட் 500ல் சுமார் 18 குதிரைத்திறன். அபார்த் அதை 27 ஆக்கினார். சைலன்சரை மட்டும் மாத்தி இல்லை. 499.5 சிசி இன்ஜினை 594 சிசி ஆக்கி, அழுத்த விகிதத்தை ஏத்தி, கார்புரேட்டரை மாத்தி, அதோட சேர்த்துத்தான் எக்ஸாஸ்ட். மத்த எல்லாம் மாறினா, கூடுதல் புகை வெளியே போக நல்ல வழி வேணும். அங்கதான் சைலன்சர் உண்மையா உழைக்குது. தனியா அதை மட்டும் மாத்தினா, அந்தச் சின்ன இன்ஜின்களில் கிடைக்கிற லாபம் சொற்பம். காதுக்குக் கிடைக்கிற லாபம்தான் அதிகம்.

ஆனா இதை ஏமாத்து வேலைன்னு சொல்ல முடியாது. காதுக்காக வாங்கினவங்க கொடுத்த பணம்தான் நிஜமான வேகத்தை உருவாக்குச்சு. 1965 அக்டோபரில் மோன்சா பந்தயத் தளத்தில், 57 வயதை நெருங்கிய கார்லோ அபார்த் ஒரு குறுகலான ஒற்றை இருக்கைக் காருக்குள் தானே உட்கார்ந்து உலக சாதனை வைத்தார். அந்த இருக்கைக்குள் நுழையறதுக்காக ஆப்பிளைத் தின்னே 30 கிலோ குறைச்சாராம். அப்படியும் பந்தயச் செலவு ஏறிக்கிட்டே போனது. 1971ல் கம்பெனி ஃபியட் கைக்குப் போச்சு. 1979ல் அவர் பிறந்த வியன்னாவிலேயே காலமானார்.

இன்னைக்கு மாத்துறவங்களுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்னைக்கு எக்ஸாஸ்ட் மாத்துறவங்களுக்கும் இதே கணக்குத்தான். புகை சுலபமா வெளியேறினா கலவையில் காத்து கூடலாம். கார்புரேட்டர் ஜெட்டையும் சேர்த்துப் பார்க்கலைன்னா இன்ஜின் சூடாகும். பெருசா இருந்தா நல்லதுன்னு தடிச்ச குழாய் போட்டா, புகையின் வேகம் குறைஞ்சு, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போயிடும். உள்ளே இருக்குற பஞ்சு நாளாக நாளாகக் கருகும், சத்தம் கூடிக்கிட்டே போகும். முதல்ல ரசிச்ச பக்கத்து வீட்டுக்காரர் அப்புறம் ரசிக்க மாட்டார்.

இன்னொண்ணு: கழட்டின பழைய சைலன்சரைத் தூக்கிப் போடாதீங்க. அது வண்டியோட வரலாறு, வண்டியோட விலையும்கூட. ஒரு காலத்துல மேல மாட்டின உதிரியாப் பார்க்கப்பட்ட அபார்த் சைலன்சரையே இன்னைக்கு சேகரிப்பாளர்கள் தேடி அலையறாங்க.

கடைசியா ஒரு வேடிக்கை

தேள் சின்னம் 2015ல் புன்ட்டோ வழியா இந்தியச் சாலைக்கும் வந்துச்சு. அதுக்கு அப்புறம் 2022ல் அபார்த் தன் முதல் மின்சாரக் காரை அறிவிச்சது. மின்சாரக் காரில் புகை இல்லை, குழாய் இல்லை, சைலன்சருக்கு வேலையே இல்லை. ஆனா சத்தம் இல்லாத அபார்த்தை யார் வாங்குவா? அதனால வண்டிக்கு வெளியே ஒரு ஸ்பீக்கர் வெச்சாங்க. தங்களோட பெட்ரோல் காரின் உறுமலை அதுல உருவாக்க 6,000 மணி நேரத்துக்கு மேல் உழைச்சதா கம்பெனி சொல்லுது.

1949ல் கார்லோ கண்டுபிடிச்சது இதுதான் போல. அவர் வித்தது குழாய் இல்லை, குரல். குழாய் போயிடுச்சு, குரல் இன்னும் விலை போகுது.

அடுத்த தடவை ராத்திரி தெருவுல ஒரு உறுமல் கேட்டா, திட்டுறதுக்கு முன்னாடி ஒரு நொடி இந்த ஆப்பிள் தின்ன தாத்தாவை நினைச்சுக்கோங்க. அப்புறம் தாராளமாத் திட்டலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.