வெம்பிளிப் பொருட்காட்சியும் ஒரு நாவலின் முகப்பும்

சரித்திர நாவலின் முதல் அத்தியாயம் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. 1950-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'கல்கி' வார இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்', ஆடிப்பெருக்கு நன்னாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனைக் குதிரைமீது கொண்டுவந்து நிறுத்தியது முதலாக, கதை நிகழப்போகும் காலத்தையும் களத்தையும் வீரனையும் முதற் பக்கங்களிலேயே அறிமுகம் செய்துவைப்பதுதான் நல்ல முகப்புக்கு இலக்கணம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்த எண்ணத்தோடு ஆண்ட்ரியா லெவி 2004-இல் வெளியிட்ட 'ஸ்மால் ஐலண்ட்' என்னும் ஆங்கில நாவலைக் கையில் எடுப்பவர் சற்றுத் திகைத்துத்தான் போவார். 1948-ஆம் வருஷத்து லண்டனையும், அங்கே கப்பலேறி வந்து இறங்கிய ஜமைக்கா தேசத்தாரையும் பற்றிய அந்தக் கதை, 1948-இலும் தொடங்கவில்லை. கதாபாத்திரங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் ஏர்ல்ஸ் கோர்ட் வீட்டிலும் தொடங்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் மூள்வதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னே, லண்டனின் வடமேற்கே உள்ள வெம்பிளியில் நடந்த சாம்ராஜ்யப் பொருட்காட்சியில், இறைச்சி வியாபாரி ஒருவரின் சிறு மகள் கூட்டத்தில் வழிதவறிப் போவதிலிருந்து அது தொடங்குகிறது.

இந்த முகவுரையைக் கதைக்குப் புறம்பான ஓர் அலங்காரம் என்று கருதி விரைந்து கடந்து செல்வதும் எளிது. இது எதற்காக இங்கே இருக்கிறது என்று நின்று கேட்பதும் எளிது. நின்று கேட்பவருக்கு விடை சொல்லவேண்டுமானால், நாவலைச் சற்று நேரம் மூடிவைத்துவிட்டு, அந்தச் சிறுமி வழிதவறிய ஸ்தலத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டும்.

1924 ஏப்ரல் 23-ஆம் தேதி, இங்கிலாந்தின் காவல் முனிவராகிய ஜார்ஜின் திருநாளன்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வெம்பிளிப் பொருட்காட்சியைத் திறந்துவைத்தார். பிரிட்டிஷ் அரசர் ஒருவரின் குரல் வானொலியின் வழியாகக் குடிமக்களின் செவிகளை எட்டியது அன்றுதான் முதன்முறை. திறப்பு விழாவில் மன்னர் தமக்குத் தாமே அனுப்பிக்கொண்ட தந்தி ஒன்று, உலகை முழுவதும் சுற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் இருபது விநாடிகளில் அவரிடமே திரும்பி வந்து சேர்ந்தது. சாம்ராஜ்யத்தின் கம்பிகள் எவ்வளவு தூரம் நீண்டிருந்தன என்பதைக் காட்ட இதைவிடச் சாமர்த்தியமான வேடிக்கையை யாரும் யோசித்திருக்க முடியாது. 216 ஏக்கர் பரப்பில், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு மண்டபம் எழுப்பப்பட்டிருந்தது. கனடாவின் மண்டபத்தில் வேல்ஸ் இளவரசரின் உருவத்தை வெண்ணெயால் வடித்து வைத்திருந்தார்கள். இலங்கையின் மண்டபம் கண்டித் தலதா மாளிகையின் பாணியில் அமைந்திருந்தது. இந்திய மண்டபம் தாஜ்மஹாலையும் டில்லி ஜும்மா மசூதியையும் நினைவூட்டும் வெண்ணிறக் குவிமாடங்களோடு நின்றது. மைதானத்தின் வீதிகளுக்குப் பெயர் சூட்டும் பொறுப்பு, சாம்ராஜ்யத்தின் புகழைப் பாடிய ருட்யார்ட் கிப்ளிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1924, 1925 ஆகிய இரு பருவங்களிலும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு கோடியே எழுபது லட்சம் பேர் வந்து பார்த்துப் போனார்கள். கடல் கடந்து போக வசதியில்லாத ஆங்கிலத் தொழிலாளியும் சிறு வியாபாரியும், ரயில் டிக்கெட்டும் நுழைவுச் சீட்டும் வாங்கிக்கொண்டு, ஒரே பகற்பொழுதில் தங்கள் ராஜ்யம் முழுவதையும் பிரதட்சிணம் செய்துவிட்ட திருப்தியோடு வீடு திரும்பினார்கள்.

அந்த இந்திய மண்டபத்தின் காரியங்களுக்குப் பொறுப்பேற்று நடத்தியவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கொச்சி சமஸ்தானத்தில் 1919 முதல் 1922 வரை திவானாக இருந்த டி. விஜயராகவாச்சாரியார்தாம் பொருட்காட்சிக்கு இந்தியாவின் கமிஷனராக நியமனம் பெற்று லண்டனுக்குச் சென்றவர். பிற்காலத்தில் 'ஸர்' பட்டம் பெற்று, உதயப்பூர் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாகவும் விளங்கினார். அவர் இந்த மண்டபத்துக்கான ஏற்பாடுகளில் ஈடுபட்டிருந்த அதே 1923-ஆம் வருஷத்தில், வலங்கைமானில் பிறந்து உலகமெங்கும் ஆங்கிலப் பேச்சாற்றலுக்குப் பெயர்பெற்ற வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், வேறொரு காரியமாக லண்டனில் மன்றாடிக்கொண்டிருந்தார். கென்யாவில் குடியேறிய இந்தியர்களுக்கு வெள்ளையரோடு சமமான பிரஜா உரிமை வேண்டும் என்பது அவருடைய தூதின் நோக்கம். அந்த ஆண்டு ஜூலையில் பிரிட்டிஷ் சர்க்கார் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கென்யாவின் மேட்டு நிலங்களை வெள்ளையருக்கே ஒதுக்கி, வாக்காளர் பட்டியலையும் இனவாரியாகப் பிரித்துவிட்டது. சாம்ராஜ்யத்தின் நல்லெண்ணத்தில் ஆழ்ந்த நம்பிக்கை வைத்திருந்த மிதவாதியாகிய சாஸ்திரியாரே மனம் கசந்து போனார். இப்படி அவமதிக்கப்பட்ட தேசம் வெம்பிளியில் கடை விரிப்பானேன், பொருட்காட்சியைப் பகிஷ்கரித்துவிடலாமே என்னும் குரல் இந்தியாவில் எழுந்தது. இருந்தும் மண்டபம் எழுந்தது. கோடிக்கணக்கான ஜனங்கள் அதன் வாயிலில் நுழைந்து தந்தச் சிற்பங்களையும் பட்டுக்களையும் வியந்து சென்றார்கள். கென்யா விவகாரத்தைப் பற்றி அந்த மண்டபத்தில் எந்த அலமாரியிலும் காட்சி வைக்கப்படவில்லை.

பொருட்காட்சியின் மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியோ இன்னும் கூர்மையான எதிர்ப்பைச் சந்தித்தது. செம்மண் நிற மதில் சூழ்ந்த ஒரு நகரத்தை நிர்மாணித்து, அதற்குள் நெசவாளிகளையும் தோல் வேலை செய்பவர்களையும் கொண்டுவந்து அமர்த்தி, அவர்கள் வேலை செய்வதை ஜனங்கள் சுற்றி நின்று பார்க்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். பத்திரிகைகள் சில அவர்களைப் பற்றி இழிவாக எழுதின. லண்டனில் சட்டமும் வைத்தியமும் படித்துக்கொண்டிருந்த ஆப்பிரிக்க மாணவர்கள், தங்கள் மக்களை வேடிக்கைப் பொருளாக்கும் இந்தச் செயலைக் கண்டித்துக் குரல் எழுப்பினார்கள். அந்த மனக்கொதிப்பு அடங்குமுன்னரே, 1925-இல், லடிபோ சோலங்கே முதலானோரின் முயற்சியால் மேற்கு ஆப்பிரிக்க மாணவர் சங்கம் லண்டனில் தோன்றியது. பிற்காலத்து ஆப்பிரிக்க சுதந்திர இயக்கங்களுக்குத் தலைவர்களைத் தயாரித்துக் கொடுத்த ஸ்தாபனங்களுள் அது ஒன்று. காட்சிப் பொருளாக வைக்கப்பட்டவர்களின் இனத்தாரே, காட்சியைப் பார்த்துத் தீர்ப்பும் எழுதிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

இவ்வளவையும் மனத்தில் இருத்திக்கொண்டு நாவலின் முகவுரைக்குத் திரும்பினால், லெவியின் கைத்திறன் விளங்கும். அவர் மன்னரின் உரையையும் காட்டவில்லை. மாணவர்களின் கண்டனத்தையும் காட்டவில்லை. குவீனி என்னும் சிறுமியை, தகப்பனாரிடம் வேலை செய்யும் இளைஞன் ஒருவனோடும் பணிப்பெண்ணோடும் அந்த ஆப்பிரிக்கக் கிராமத்துக்குள் அனுப்பிவிடுகிறார். இந்த ஜனங்களுக்கு நாகரிகம் தெரியாது, முரசொலி மட்டுமே புரியும் என்று அந்த இளைஞன் வெகு நிச்சயமாக அவளுக்குப் பாடம் சொல்கிறான். அடுத்த கணம் அவர்கள் எதிரில் நிற்கும் கறுப்பு மனிதர் தெளிவான ஆங்கிலத்தில் பேசி, முத்தமிடச் சொல்லித் தூண்டப்பட்டு நாணி நிற்கும் குழந்தையிடம், கண்ணியமாகக் கைகுலுக்கிக்கொள்ளலாமே என்று கை நீட்டுகிறார். பின்னால் இதைக் கேள்வியுறும் தகப்பனார், ஆங்கிலம் பேசினானென்றால் அவன் யாரோ ஒரு சிற்றரசனாகத்தான் இருக்கவேண்டும் என்று தமக்குத் தாமே சமாதானம் செய்துகொள்கிறார். கண்ணால் கண்ட உண்மையை, முன்பே மனத்தில் இருந்த பொய்க்குப் பங்கம் வராமல் மடித்து வைத்துக்கொள்ளும் கலையை ஒரு சமுதாயம் எப்படிப் பயில்கிறது என்பதைச் சில பக்கங்களில் இதைவிட நன்றாகக் காட்டிவிட முடியாது.

அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளாகி, யுத்தத்துக்குப் பின் திரும்பி வராத கணவனின் வீட்டில் ஜமைக்காவிலிருந்து வந்தவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடுகிறாள். வெம்பிளியில் பார்வையாளராக நின்றவள் இப்போது வீட்டுக்காரி. மதிலுக்குள் நின்றவர்களின் நிலையில் இருப்பவர்கள் இப்போது வாயில்மணியை அழுத்துகிறார்கள். ஜமைக்காவின் பள்ளிக்கூடங்களில் இங்கிலாந்தையே தாயகமென்று கற்றுக்கொண்டு வந்த அவர்களுக்கு அந்த நாட்டின் ரயில் பாதைகளும் துறைமுகங்களும் மனப்பாடம். அவர்களை வரவேற்க வேண்டியவர்களுக்கோ ஜமைக்கா எந்தக் கண்டத்தின் பக்கம் இருக்கிறதென்பதே தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வான அறிவுதான் நாவலின் உயிர்நாடி. அதன் வேர் 1924-இல் இருக்கிறது என்பதற்காகவே முகவுரை அங்கே வேரூன்றி நிற்கிறது.

1948-ஆம் வருஷத்து வேனிற்காலத்தில் நடந்தவற்றையும் இங்கே நினைத்துப் பார்ப்பது பொருந்தும். ஜூன் 22-ஆம் தேதி, ஜெர்மானியரிடமிருந்து யுத்தத்தில் கைப்பற்றப்பட்டுப் பெயர் மாற்றப்பட்ட 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரி துறையில் 1,027 பிரயாணிகளோடு வந்து சேர்ந்தது. கரீபியன் தீவுகளிலிருந்து வந்தோரே அவர்களுள் பெரும்பாலோர். நாவலாசிரியையின் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். தங்க இடமற்றவர்களை யுத்த காலத்தில் கிளாப்பம் சவுத்தில் தோண்டிய பாதாளப் புகலிடத்தில் தங்கவைத்தார்கள். ஜூலை 29-ஆம் தேதி பொருட்காட்சி நடந்த அதே வெம்பிளி மைதானத்தின் விளையாட்டரங்கில் ஒலிம்பிக் பந்தயங்கள் துவங்கின. அரங்குக்குச் செல்லும் அகன்ற வீதியை அமைத்தவர்களுள் ஜெர்மன் யுத்தக் கைதிகளும் இருந்தனர். மறுநாள், ஜூலை 30-இல், குடியேற்ற நாடுகளின் மக்களையும் பிரிட்டனின் மக்களையும் ஒரே குடியுரிமையின் கீழ் கொண்டுவந்த சட்டம் மன்னரின் ஒப்புதலைப் பெற்றது. யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாகப் பணியாற்றிய ஜமைக்காவின் ஆர்தர் விண்ட் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். இலங்கையின் டங்கன் வைட் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி வென்றார். ஆகஸ்ட் 12-இல், சுதந்திரம் பெற்று ஓராண்டும் நிரம்பாத இந்தியா, பிரிட்டனை நான்கு கோல்களுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் ஹாக்கியில் தோற்கடித்தது. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் எந்த நாடுகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து மக்கள் பார்த்தார்களோ, அதே நாடுகள் அதே மைதானத்தில் ஓடியும் ஆடியும் வென்றன. லெவி இந்தப் பந்தயங்களைத் தம் கதையின் முகப்பாகக் கொண்டிருந்தால் கேட்போருக்கு உவகை பொங்கியிருக்கும். அவர் வெற்றியை விட்டுவிட்டு வேடிக்கையைத் தேர்ந்தெடுத்தது ஆழ்ந்த யோசனையின் விளைவு.

அந்த யோசனை எவ்வளவு சரி என்பதை வாசகர்களின் வரலாறே மெய்ப்பிக்கிறது. வெளிவந்த ஆண்டிலேயே ஆரஞ்சுப் பரிசையும் விட்பிரெட் பரிசையும், அடுத்த ஆண்டில் காமன்வெல்த் எழுத்தாளர் பரிசையும் பெற்ற இந்த நாவலை, 2007-இல் ஊர் கூடி வாசிக்கும் ஒரு பெருமுயற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அடிமை வியாபாரத்தை ஒழித்த 1807-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இருநூறாவது ஆண்டு அது. அந்த வியாபாரத்தில் செல்வம் குவித்த பிரிஸ்டல், லிவர்ப்பூல், கிளாஸ்கோ ஆகிய நகரங்களிலும், அதை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸ் பிறந்த ஹல் நகரத்திலும் ஆயிரக்கணக்கான பிரதிகள் விநியோகமாயின. நூலகங்களில் வாசகர் குழுக்கள் கூடிப் பேசின. ஜேம்ஸ் புரொக்டர், பெத்தன் பென்வெல் முதலிய ஆய்வாளர்கள் பிரிட்டனிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் கரீபியன் நாடுகளிலும் இத்தகைய குழுக்களின் உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். வாசகர்கள் இனவெறியைப் பற்றிப் பேசும்போது, அதை ஒரு கதாபாத்திரத்தின்மீதோ, கடந்துபோன ஒரு காலத்தின்மீதோ, தாங்கள் கேட்ட வேறு யாருடைய பேச்சின்மீதோ ஏற்றிவிட்டு, தங்களை அதிலிருந்து விலக்கி நிறுத்திக்கொள்ளும் முறையைப் பென்வெல் நுணுக்கமாக எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இவ்விதம் ஒதுங்கிக்கொள்வது மனித சுபாவம். நாவலில் குவீனியின் கணவனாகிய பெர்னார்டு போன்ற ஒருவனை வெறுப்பதில் எந்த வாசகருக்கும் சிரமமில்லை. வெறுத்த மறுகணம் தாம் நல்லவர் என்னும் சான்றிதழும் கைக்கு வந்துவிடுகிறது. முகவுரையோ அந்தச் சான்றிதழை எளிதில் கொடுப்பதில்லை. குறும்பும் பயமும் ஆசையும் நிறைந்த ஒரு குழந்தையின் குரலில் அது பேசுவதால், வாசகர் அவளோடு சேர்ந்து சிரித்து, அவளோடு சேர்ந்து வேடிக்கை பார்த்து, பாதி வழி போன பிறகே தாமும் மதிலுக்கு வெளியே கூட்டத்தோடு நிற்பதை உணர்கிறார். குற்றம் சாட்ட அங்கே கொடியவன் ஒருவனும் இல்லை. அறியாமையை அன்போடு ஊட்டி வளர்க்கும் குடும்பமும், அதற்குச் செலவு செய்யும் ராஜாங்கமும்தான் இருக்கின்றன.

தமிழ் வாசகர் இந்த முகவுரையைப் படிக்கும்போது, வேறு எந்த வாசகருக்கும் கிட்டாத ஒரு கஷ்டமான சௌகரியம் அவருக்கு உண்டு. நாம் மதிலுக்கு உள்ளேயும் இருந்தோம்; மண்டபத்தை நிர்வகிக்கும் மேஜைக்குப் பின்னாலும் இருந்தோம்; எதிர்த்து வாதாடிய தூதுக் குழுவிலும் இருந்தோம். விஜயராகவாச்சாரியாரையும் சாஸ்திரியாரையும் ஒரே ஆண்டில் ஒரே நகரத்தை நோக்கிச் செலுத்திய சமூகம், தன்னைக் காட்சிப் பொருளின் இடத்தில் மட்டும் வைத்து அனுதாபம் கோரமுடியாது. கறுப்பு மனிதரின் நாகரிகத்தை அளக்க அந்தத் தகப்பனார் கைக்கொண்ட ஆங்கிலம் என்னும் அளவுகோலை, நம் வீடுகளிலும் பல தலைமுறைகளாக வெகு பத்திரமாகப் பாதுகாத்து வந்திருக்கிறோம்.

வெம்பிளியின் பிற்காலம் இந்த வழக்கில் இன்னொரு சாட்சியத்தையும் சேர்த்துவைத்திருக்கிறது. 1923-இல் எந்தக் கென்யா இந்தியர்களுக்காகச் சாஸ்திரியார் வாதாடித் தோற்றாரோ, அவர்களின் சந்ததியார் 1960-களின் கடைசியில் கென்யாவை விட்டு வெளியேற நேர்ந்தபோது, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்த அவர்களின் வருகையைத் தடுக்க 1968-இல் லண்டன் பார்லிமெண்ட் அவசர அவசரமாகச் சட்டம் செய்தது. தப்பி வந்து சேர்ந்தவர்களில் கணிசமானோர் குடியேறியது வெம்பிளியின் ஈலிங் ரோடு சுற்றுவட்டாரத்தில். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் அதே வட்டாரத்தில் கடைகள் வைத்து, ஆல்பெர்ட்டனில் ஈழபதீஸ்வரர் ஆலயமும் அமைத்துக்கொண்டார்கள். பொருட்காட்சியின் கட்டிடங்கள் இடிந்து மறைந்துவிட்டன; அதில் காட்டப்பட்ட நாடுகளின் மக்களோ வாடகையும் வரியும் செலுத்தி அங்கேயே குடியிருக்கிறார்கள். யுத்தத்துக்குப் பிந்திய குடியேற்றத்தைக் கப்பல் வந்த நாளிலிருந்து எழுதுபவர்கள், வந்தவர்களையே கதையின் காரணமாக ஆக்கிவிடுகிறார்கள். வெம்பிளியிலிருந்து எழுதியவர், அழைத்தவர் யார் என்பதை முதலில் பதிவு செய்தார். குடியேறியவர்களை நோக்கி ஏன் வந்தீர்கள் என்று இன்றும் எழுகின்ற கேள்விக்கு, சரித்திர நியாயமுள்ள பதில் அந்த வரிசையில்தான் தொடங்கமுடியும்.