பட்டன் பூட்ஸ், வார் ஷூ, கட்டை செருப்பு: 100 வருஷத்துக்கு முன் ஜெர்மன் குழந்தைகள் காலில் என்ன போட்டார்கள்?

1900-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எடுக்கப்பட்ட குழந்தைகள் போட்டோக்களைப் பார்த்திருக்கிறீர்களா? பையனுக்கு மாலுமி உடை, பொண்ணுக்கு வெள்ளை கவுன். முகத்தில் சிரிப்பே இருக்காது. அப்படியே கண்ணைக் கீழே இறக்கினால், ரெண்டு பேர் காலிலும் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும் பூட்ஸ். பள்ளிக்கூடம் போனாலும் சரி, தெருவில் விளையாடினாலும் சரி, வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கு அன்றைக்கு தினசரி ஷூ அதுதான்.

ஏன் இவ்வளவு உயரம்? குழந்தையின் கணுக்கால் பலவீனமானது, இறுக்கிப் பிடித்தால்தான் கால் நேராக வளரும் என்று பெரியவர்கள் நம்பினார்கள். சில பூட்ஸில் லேஸ், சிலவற்றில் பக்கவாட்டில் வரிசையாகக் குட்டிக் குட்டி பட்டன்கள். அந்தப் பட்டன்களை விரலால் மாட்ட முடியாது. அதற்கென்றே ஒரு கொக்கிக் கம்பி வீட்டில் இருக்கும். காலையில் ஸ்கூலுக்குக் கிளப்புகிற அவசரத்தில் இதையும் மாட்டிவிட வேண்டும் என்றால், அந்த அம்மாக்களின் பாட்டை யோசித்துப் பாருங்கள்!

பெருவிரல் சொன்ன கணக்கு

உண்மையான பிரச்சினை உயரம் இல்லை, வடிவம். பெரியவர்களின் ஃபேஷன் ஷூவை அப்படியே சின்னதாக்கினால் குழந்தைகள் ஷூ என்ற நினைப்பு ரொம்ப காலம் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் வெகுநாள் வரை வலது, இடது என்ற வித்தியாசமே இல்லாமல் ஒரே அச்சில் தைத்த ஷூக்களும் புழக்கத்தில் இருந்தன. காலுக்கு ஏற்ப ஷூ இல்லை. ஷூவுக்கு ஏற்ப கால் வளைந்தது.

இதை எதிர்த்து எழுதியவர் ஜெர்மனியில் பிறந்து, சூரிச்சில் பேராசிரியராக இருந்த உடற்கூறியல் நிபுணர் ஹெர்மான் மேயர். 1858-ல் ஷூவின் சரியான வடிவம் எது என்று தனிப் புத்தகமே போட்டார். அவர் சொன்ன கணக்கு ரொம்ப எளிமை: பெருவிரலின் நடுக்கோட்டைப் பின்னால் நீட்டினால் அது குதிகாலின் நடுவில் போய்ச் சேர வேண்டும். கூர்மையான முனை வைத்த ஷூவில் இது நடக்காது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

பவேரியாவில் தண்ணீர் வைத்தியத்துக்குப் பேர்போன பாதிரியார் செபாஸ்டியன் நைப், வெறுங்காலில் நடக்கச் சொன்னார். 1901-ல் பெர்லின் பக்கத்து ஸ்டெக்லிட்ஸில் முறைப்படி தொடங்கிய வாண்டர்ஃபோகல் இளைஞர் இயக்கம், நகரத்தை விட்டு காடு மேடு சுற்றக் கிளம்பியது. இயற்கை வாழ்க்கை என்ற பேச்சு பரவப் பரவ, அகலமான முனை உள்ள ஷூவுக்கும் சாண்டலுக்கும் மரியாதை வந்தது. 1920-களில் பெண் குழந்தைகள் காலில், பாதத்தின் குறுக்கே ஒரே ஒரு வார் போட்ட தாழ்வான ஷூ சகஜமாகிவிட்டது. பாலிஷ் மின்னும் கறுப்பு வார் ஷூ என்றால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல்.

போட்டோவில் வராத கால்கள்

இதெல்லாம் காசு இருந்த வீட்டுக் கதை. பெர்லினின் ஏழைக் குடியிருப்புகளை வரைந்த ஓவியர் ஹைன்ரிஷ் சில்லேயின் படங்களில் வேறு கால்கள் தெரியும்: வெறுங்கால்கள், அண்ணன் போட்டுக் கழித்த பெரிய சைஸ் பூட்ஸ். கிராமங்களில் கட்டை செருப்பும், ஆணி அடித்த பூட்ஸும்தான்.

முதல் உலகப் போர் வந்ததும் நடுத்தர வர்க்கமும் அந்தப் பக்கம் தள்ளப்பட்டது. தோல் முழுக்க ராணுவ பூட்ஸுக்குப் போனது. பிரிட்டனின் கடல் முற்றுகையால் வெளியிலிருந்து தோல் வருவதும் நின்றது. இதில் நம்மூர் தொடர்பும் உண்டு. போருக்கு முன் இந்தியாவின் பதனிடாத தோலை அதிகம் வாங்கியது ஜெர்மனிதான். போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. மெட்ராஸ் மாகாணத்தில் பதனிட்ட தோலோ பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்குப் போனது.

ஜெர்மனியில் 1916-ல் துணிமணிக் கட்டுப்பாட்டுக்கென்று தனி அரசு அலுவலகமே வந்தது. ஷூ வாங்கவும் அனுமதிச் சீட்டு தேவை. மேலே துணி, அடியில் மரக்கட்டை என்று மாற்று ஷூக்கள் வந்தன. கோடையில் பிள்ளைகள் வெறுங்காலில் பள்ளிக்குப் போனார்கள். வெறுங்கால் நடை உடம்புக்கு நல்லது என்று நைப் சொன்னது, இப்போது வேறு வழியில்லாமல் நடந்தது.

பல்லி மாதிரி ஒரு ஹீரோ

ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கோர்ன்வெஸ்ட்ஹைமில் யாகோப் சிக்லே என்ற செருப்புத் தொழிலாளி 1885-ல் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் சாலமாண்டர் நிறுவனம். அவரது கூட்டாளி மாக்ஸ் லெவி யூதர். சாலமாண்டர் என்ற பெயரில் ஷூ விற்கத் தொடங்கிய பெர்லின் வியாபாரி ருடால்ஃப் மோஸும் யூதர்தான். ஆண்களுக்கோ பெண்களுக்கோ, எந்த ஷூவானாலும் 12.50 மார்க் என்று ஒரே விலை வைத்துப் பேர் வாங்கினார்கள்.

1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூதர்கள் நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1937-ல் அதே நிறுவனம் குழந்தைகளைக் கடைக்கு இழுக்க ஒரு காமிக்ஸ் கொண்டுவந்தது. ஹீரோ லுர்ஹி, பூட்ஸும் தொப்பியும் போட்ட ஒரு சாலமாண்டர், அதாவது பல்லி மாதிரி இருக்கும் பிராணி. சாகசக் கதை, எதுகை வைத்த பாட்டு, கடையில் இலவசம். பிள்ளைகள் அதற்காகவே அந்தக் கடைக்குப் போகலாம் என்று அடம்பிடிப்பார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1940-ல், சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமில் ஷூ சோதனைக்கென்று ஒரு நடைபாதை போடப்பட்டது. தோலுக்கு மாற்றான செயற்கைப் பொருட்கள் எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்க, கைதிகளை அதில் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் வரை நடக்க வைத்தார்கள். பலர் அந்தப் பாதையிலேயே செத்துப்போனார்கள். அங்கே சோதனைக்கு ஷூ அனுப்பிய நிறுவனங்களில் சாலமாண்டரும் ஒன்று. லுர்ஹி 1950-களில் மறுபடி கடைகளுக்கு வந்தான்.