பாறையில் பிறந்த சாமியும் மாரிகுப்பத்து பௌத்தமும்

போன மாதம் தங்கவயலிலிருந்து மாமா வந்திருந்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருடம் கேஜில் இறங்கி ஏறியவர். லண்டனில் என்ன காட்டுவது என்று யோசித்து, வால்புரூக் தெருவில் ப்ளூம்பெர்க் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் ரோமானியர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அனுமதி இலவசம். இன்றைய தெருவிலிருந்து சுமார் 7 மீட்டர் கீழே இறங்க வேண்டும். "இவ்ளோதானா ஆழம்?" என்று மாமா சிரித்தார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கத்தின் ஆள் ஆயிற்றே!

அது மித்ரன் கோயில். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் கட்டியது. 1954ல் தோண்டியபோது மித்ரனின் பளிங்குத் தலை கிடைத்து, பார்க்க ஜனங்கள் வரிசையில் நின்றார்களாம். கோயிலின் மிச்சத்தை முதலில் வேறு இடத்தில் வைத்திருந்தார்கள். 2017ல்தான் பழைய இடத்துக்கே கொண்டுவந்து திறந்தார்கள்.

பெயரைக் கேட்டதும் ரிக் வேதத்து மித்ரன் ஞாபகம் வரும். பெயருக்கு உறவு உண்டு, ஈரானிலும் இதே பெயரில் ஒரு தெய்வம் உண்டு. ஆனால் ரோமில் வளர்ந்த வழிபாடு தனி ரகம். இந்த மித்ரன் பாறையிலிருந்து பிறந்தவன். குகைக்குள் காளையைக் கொல்பவன். அதனால் கோயிலையும் குகை மாதிரியே, சன்னல் இல்லாமல், பாதி தரைக்கு அடியில் கட்டினார்கள். இரண்டு பக்கமும் திண்ணை. முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடலாம், அவ்வளவுதான். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சிப்பாய்கள், சின்ன உத்தியோகஸ்தர்கள், வியாபாரிகள், அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள். காகம் என்ற முதல் படியிலிருந்து தந்தை என்ற கடைசிப் படி வரை ஏழு படிகள்.

ஆஸ்திரியாவில் விருனும் என்ற ரோமானிய ஊரில் ஒரு வெண்கலத் தகடு கிடைத்திருக்கிறது. ஒரு மித்ரன் குழுவின் பெயர்ப் பட்டியல். கி.பி. 184ல் சாவுகள் காரணமாகக் கூடியதாக எழுதியிருக்கிறார்கள். ஐந்து பெயர்களுக்குப் பக்கத்தில் இறந்ததற்கான குறி. கொள்ளைநோய்க் காலம் அது. இதைப் படித்தபோது எனக்கு ரோம் மறந்துவிட்டது, நம் லைன் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன.

வெளியே வந்ததும் மாமா ஒரு கேள்வி கேட்டார். "இந்த சாமிய கும்பிட்டவங்க எல்லாம் எங்க போனாங்க?"

நல்ல கேள்வி. நாலாம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் அரச மதமாக ஆனபோது இந்த வழிபாடு மங்கி அழிந்தது. ரோமில் சான் கிளெமெந்தே தேவாலயத்துக்கு அடியில் இன்றும் ஒரு மித்ரன் குகை இருக்கிறது. நூற்றுக்கணக்கான சிற்பங்களும் கல்வெட்டுகளும் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவர்களே எழுதிய வேதநூல் ஒன்றும் மிஞ்சவில்லை. காளையை ஏன் கொன்றான் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. இது ஆண்களின் கூட்டம். பெண்கள் சேர்ந்ததற்கு உறுதியான சான்று கிடையாது. வீட்டுக்குள் வராத சாமி.

மாமாவின் கேள்வி என்னை மாரிகுப்பத்துக்குக் கொண்டுபோனது.

1880ல் தங்கவயலுக்கு வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் இதே லண்டன் சிட்டியில் இருந்த கம்பெனி. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலான ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழர்கள், அதிலும் சேரிகளிலிருந்து வந்தவர்கள். ஊரில் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்.

1898ல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை போய் பஞ்சசீலம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். நம் முன்னோர் பூர்வ பௌத்தர்கள், அதனால்தான் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் வாதம். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை ஆரம்பித்தார். அடுத்த வருடம் பெயர் 'தமிழன்' ஆயிற்று. சங்கத்தின் கிளை மாரிகுப்பத்தில் வேர் பிடித்தது. ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட கிளைகள் இருந்தன. அன்றைக்கே நம் மாதிரி வெளியூர் போனவர்கள்! அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956ல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சுரங்கத் தொழிலாளிகள் பஞ்சசீலம் சொன்னார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவர்கள் செய்த இரண்டு காரியங்கள் முக்கியம். ஒன்று, பௌத்தத்தை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். கல்யாணம், சாவு, வைகாசிப் பௌர்ணமி எல்லாம் பௌத்த முறைப்படி நடந்தன. பெண்களும் பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். இரண்டாவது, அச்சடித்தார்கள். 1914ல் பண்டிதர் காலமான பிறகு அவர் நூல்களைத் தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை மறுபடி வெளியிட்டது. 1926ல் 'தமிழன்' பத்திரிகையே தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து மீண்டும் வந்தது. கூலிக்காரர்களின் காசில் நடந்த பதிப்பகம்.

பிறகு நீண்ட காலம் தமிழ்நாடு பண்டிதரை மறந்தது. 1999ல் ஞான. அலாய்சியஸ் 'தமிழன்' எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் அவர் திரும்பி வந்தார். பழைய இதழ்களைத் தூக்கி எறியாமல் யாரோ பெட்டியில் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டது. நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் லண்டனுக்கும் வந்துவிட்டார்கள். தங்கவயல் என்றால் இன்று பலருக்கும் சினிமாதான். சயனைடு மேடுகளை யாரும் மறக்கப் போவதில்லை, கண்ணுக்குத் தெரிகின்றன. பெட்டிக்குள் இருக்கும் காகிதங்கள் அப்படி இல்லை.

மாமாவிடம் கேட்டேன், தாத்தாவின் புத்தகங்கள் ஏதாவது இருக்கிறதா என்று. "பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி கிடக்குது, என்னன்னு பார்த்ததில்ல" என்றார்.

அடுத்த லீவில் அந்தப் பரணில் ஏற வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தரம் பாருங்களேன்.