வில்வண்டி முதல் பந்தய வண்டி வரை: முன் சக்கரத்தின் கதை

கொங்கு நாட்டுக் கிராமங்களில் ஒரு காலத்தில் வில்வண்டி வைத்திருப்பது வசதியின் அடையாளம். பாரவண்டியில் ஏறினால் பாதையிலுள்ள ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து எண்ணப்படும். வில்வண்டியிலோ கல்லில் சக்கரம் ஏறினாலும் உள்ளே அமர்ந்திருப்பவர் இலேசாக அசைவார், அவ்வளவுதான். அச்சுக்கும் கூடுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிப் பொருத்தியிருப்பார்கள். அந்தப் பட்டையடுக்கின் வளைவைப் பார்த்தே வண்டிக்கு அப்பெயர் வந்தது. இன்று லாரிப் பட்டறையில் அதே அடுக்கைக் ‘கமான் பட்டை’ என்கிறார்கள். கமான் என்ற பாரசீகச் சொல்லுக்கும் வில் என்பதே பொருள்!

வில் அதிர்ச்சியைத் தாங்குகிறது. பிரேக் ஓட்டத்தை நிறுத்துகிறது. இரண்டும் வெவ்வேறு உறுப்புகள், வெவ்வேறு வேலைகள் என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மை அப்படியில்லை என்பதைக் கணபதியில் ஒரு பட்டறையில் நேரில் கண்டேன்.

கோவையிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் உள்ள கணபதி, லேத்துப் பட்டறைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் பெயர் பெற்ற பகுதி. பொறியியல் மாணவர்கள் சிலர் போட்டிக்காகத் தாங்கள் கட்டிய நாற்சக்கர வண்டியை அங்கே கொண்டு வந்திருந்தார்கள். மேடு பள்ளங்களில் ஓடும் ‘ஏ.டி.வி.’ வகை வண்டி அது. வளைவுகளில் கவிழாமலிருக்க, முன் சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளை எடுத்துவிட்டு, 5 செ.மீ. நீளமான கைகளைப் பொருத்தியிருந்தார்கள். புதிய டிஸ்க் பிரேக்கும் போட்டாயிற்று. எல்லோருக்கும் பெருமிதம்.

வயதான மெக்கானிக் ஒருவர் ஜாக்கி வைத்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரங்கள் கீழே தொங்கின. பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாய் வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. “ஏனுங் தம்பி, கையை நீட்டினீங்க, ஓஸை நீட்டலியே?” என்றார் அவர். ஒரு மேட்டில் வண்டி எகிறியிருந்தால் குழாய் பிய்ந்து, பிரேக் எண்ணெய் முழுவதும் வெளியேறியிருக்கும். தொங்கலமைப்பில் கை வைத்தவர்கள் பிரேக்கை மறந்துவிட்டார்கள். இந்த இரண்டும் இணைபிரியாதவை என்பதை மோட்டார் உலகம் கற்றுக்கொள்ள ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

பின் சக்கரத்தில் மட்டும் பிரேக்

மாட்டு வண்டிக்கு மாடுதான் முதல் பிரேக். இறக்கங்களில் மட்டும் சக்கர விளிம்பில் ஒரு மரக்கட்டையை அழுத்தினால் போதும். ஆரம்ப கால மோட்டார் வண்டிகளும் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருந்தன. 1902-இல் பிரான்சின் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். அதே 1902-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் பிரெடரிக் லாங்கெஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் பயன்படுத்திய செம்பு, புழுதிச் சாலைகளில் விரைவாகத் தேய்ந்தது. ஆகவே நல்லதொரு கருத்து நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது.

அக்காலக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. முன் சக்கரம் திரும்ப வேண்டிய சக்கரம். அதில் பிரேக் போட்டால் வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அஞ்சினார்கள். ஆனால் இயற்பியல் வேறு விதமாகச் சொல்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஓட்டுபவரையும் சேர்த்து 240 கிலோ எடையுள்ள ஒரு நாற்சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 125 செ.மீ. என்க. நிற்கும்போது முன்னும் பின்னும் 120 கிலோ வீதம் பாரம் விழுகிறது. இப்போது பிரேக்கை அழுத்துகிறோம். வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஏழு பங்கு என்று கொண்டால், பின்னிருந்து முன்னுக்கு மாறும் பாரம் 240 × 0.7 × 60 ÷ 125. அதாவது ஏறத்தாழ 80 கிலோ. முன்னால் 200 கிலோ, பின்னால் 40 கிலோ!

தரையைப் பற்றிக்கொள்ளும் உராய்வு விசை, சக்கரத்தின் மேல் விழும் பாரத்தைப் பொறுத்தது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையதே. பின் சக்கரத்தை மட்டும் நம்பியவர்கள் கையிலிருந்த வலிமையில் சிறு பகுதியைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பிரேக் கேட்ட புதிய வில்

1921-இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ அழுத்தப் பிரேக்குடன் வெளிவந்தது. மால்கம் லாக்ஹீட் என்பவர் வகுத்த முறை அது. அதன் அடிப்படை, பள்ளியில் நாம் படிக்கும் பாஸ்கல் விதியே. 12 மி.மீ. விட்டமுள்ள சிறு உருளையில் அழுத்தினால், 30 மி.மீ. விட்டமுள்ள பெரிய உருளையில் விசை 6.25 மடங்காகிறது. எல்லாச் சக்கரங்களுக்கும் அழுத்தம் சமமாகப் போகிறது.

முன் சக்கரத்துக்குப் பிரேக் வந்ததும் ஒரு புதிய தொல்லையும் தோன்றியது. முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சுக்கட்டையில் இருந்தன. அக்கட்டையைக் கமான் பட்டைகள் தாங்கின. பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுகியது. பட்டையும் வளைந்து நெளிந்தது. திருப்பும் கம்பிகள் இழுபட்டன. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சாய்ந்தது. சில வேகங்களில் முன் சக்கரங்கள் இரண்டும் வெடவெடவென்று ஆடத் தொடங்கின. நல்ல பிரேக்கே பழைய வில்லின் குறையை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டது.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முக்கியமானவர், இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குச் சென்ற மாரிஸ் ஆலி. அவருடைய ஆய்வுகளின் பயனாக 1934-இல் காடிலாக் முதலிய கார்களில் ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்தது. மேலே ஒரு முக்கோணக் கை, கீழே ஒரு முக்கோணக் கை, நடுவே சுருள்வில். கோழியின் நெஞ்சுப் பகுதியிலுள்ள கவை எலும்பு போன்ற வடிவம் என்பதால் ஆங்கிலத்தில் இதை ‘விஷ்போன்’ என்றார்கள். நம் பட்டறைகளில் ‘ஏ-ஆர்ம்’.

லாங்கெஸ்டரின் டிஸ்க் பிரேக்கும் விழித்துக்கொண்டது. 1953-இல் பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. அதன் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 170 கி.மீ. எதிராளிகள் வளைவுக்கு நெடுந்தூரம் முன்பே வேகத்தைக் குறைத்தபோது, ஜாகுவார் ஓட்டுநர்கள் கடைசி நேரம் வரை விரைந்து சென்று பிரேக் பிடிக்க முடிந்தது. திறந்த வட்டு காற்றில் விரைவில் குளிர்கிறது என்பதே அதன் மறைபொருள்.

சோழவரமும் செட்டிப்பாளையமும்

தமிழ்நாட்டில் பந்தயத்தின் பள்ளிக்கூடம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் 1950-களில் பந்தயங்கள் தொடங்கின. சென்னையை அடுத்த பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் அமைந்தது.

கோவையின் பங்கு தனியானது. 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன், மாருதி எஞ்சினைக் கொண்டு ‘பார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியைக் கோவையிலேயே உருவாக்கினார். இறக்குமதி வண்டி வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்கு அது கதவைத் திறந்தது. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் நுழைந்த முதல் இந்தியர், கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன், தொடக்கத்தில் ஓட்டியதும் பார்முலா மாருதியே. செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ‘ரோலான்’ சங்கிலிகளைச் செய்யும் கணபதியின் எல்.ஜி.பி. நிறுவனத்தின் பெயரிலும் ஒரு பந்தய வண்டி வகை ஓடுகிறது.

பலூன் சக்கரத்திலிருந்து சுருள்வில்லுக்கு

ஏ.டி.வி. வண்டியின் கதை இதே பாடத்தை விரைவாகத் திரும்பச் சொல்கிறது. 1970-இல் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட மூன்று சக்கர வண்டியில் வில்லே கிடையாது. குறைந்த அழுத்தக் காற்றடைத்த பருத்த டயர்களே அதிர்ச்சியைத் தாங்கின. வேகம் கூடியபோது டயர் மட்டும் போதவில்லை. 1980-களில் சுருள்வில்லும் எண்ணெய் ஷாக் அப்சார்பரும் வந்தன. சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து பலர் காயமுற்றதால், 1988-இல் அமெரிக்க அரசுடன் செய்த உடன்பாட்டின்படி அவற்றின் விற்பனை அங்கே நின்றது. விளையாட்டு வகை ஏ.டி.வி.க்கு முன்னால் இரட்டை முக்கோணக் கைகளும் டிஸ்க் பிரேக்கும் நிலையாயின.

நம் நாட்டில் 2007 முதல் நடந்துவரும் ‘பாஹா’ போட்டியில் பொறியியல் மாணவர்கள் இத்தகைய வண்டிகளைத் தாங்களே கட்டுகிறார்கள். அங்கே பிரேக் சோதனை கண்டிப்பானது: பிரேக்கை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் சுழலாமல் நின்றாக வேண்டும்.

மாற்றுமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

மீண்டும் கணபதிப் பட்டறைக்கு வருவோம். நீளமான கை பொருத்தினால் குழாய் மட்டுமா பற்றாமல் போகிறது? கை ஒரு நெம்புகோல். பழைய கை 40 செ.மீ. நீளம் என்றும், சுருள்வில் அதன் உள்முனையிலிருந்து 24 செ.மீ. தொலைவில் தாங்குகிறது என்றும் கொள்வோம். விகிதம் 0.60. சக்கரத்தில் உணரப்படும் வில்லின் விறைப்பு இவ்விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது 0.36. கையை 45 செ.மீ. ஆக்கி, வில்லை அதே இடத்தில் விட்டால், விகிதம் 0.53, வர்க்கம் சுமார் 0.28. அதே வில் ஐந்தில் ஒரு பங்கு தளர்ந்துவிட்டது போல் ஆகிறது! பிரேக் பிடிக்கும்போது முன்னே பாயும் 80 கிலோ பாரம் அந்தத் தளர்ந்த வில்லின் மேல்தான் விழும். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு தாழும். ஆகவே கையை மாற்றுபவர் வில்லையும் மாற்ற வேண்டும்; குழாயையும் மாற்ற வேண்டும்.

வெப்பத்தையும் மறக்கலாகாது. 240 கிலோ வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 33,000 ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. அது 100 கிராம் தண்ணீரின் வெப்பநிலையை 80 டிகிரி உயர்த்தப் போதுமானது. புதிய ‘டாட் 3’ பிரேக் எண்ணெயின் கொதிநிலை 205 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது என்பது தரம். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறினால் கொதிநிலை 140 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. எண்ணெயைக் காலம் தவறாமல் மாற்றுவதும், குழாயிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றுவதும் இதற்காகவே.

ஷாக் அப்சார்பர் என்ன செய்கிறது? துள்ளும் வில்லின் ஆற்றலை, எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி, வெப்பமாக்குகிறது. பிரேக்கும் ஓடும் வண்டியின் ஆற்றலை வெப்பமாக்குகிறது. ஒன்று மேலும் கீழுமான ஆட்டத்தை அடக்குகிறது. மற்றது முன்னோக்கிய ஓட்டத்தை அடக்குகிறது. தொழில் ஒன்றே!

அன்று மாணவர்கள் வண்டியைக் கீழே இறக்கவில்லை. சற்று நீளமான குழாயை வரவழைத்துப் பொருத்தி, சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டும், முழுதும் மேலே தூக்கியும், இரு பக்கமும் திருப்பியும் பார்த்தார்கள். கடைசியாக ஒவ்வொரு மூட்டுத் திருகாணியிலும் வளைத்துவிடும் சிறு கம்பி ஊசி இருக்கிறதா என்று மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்தார். “கடையாணி இல்லாத வண்டிய எங்கப்பா ரோட்டுக்கே எடுக்க மாட்டாருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் ஜாக்கியை இறக்கினார்.