மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்

மலர்க் குழுவினர் "உன் தொழிலைப் பற்றி எழுதேன்" என்றார்கள். உலைகளின் வெப்பத்தை அளப்பது என் தொழில். அதன் வரலாற்றில் நம்ம பக்கத்து மனிதர் ஒருவர் இருப்பதால் துணிந்து எழுதுகிறேன்.

மேகமலைக்கு மேற்கே நம்ம கம்பம் பள்ளத்தாக்கு. கிழக்கே, வருசநாட்டு மலைகளையும் தாண்டி இறங்கினால் வத்திராயிருப்பு. 1898-இல் அங்கே பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். 1928-இல் ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் என்பது பலருக்குத் தெரியாது. மீட்டர், கிலோகிராம் போல வெப்பநிலைக்கும் நம் நாட்டின் மூல அளவைக் காப்பது அந்த ஆய்வகம்தான்.

கொதிக்கிற உருக்கில் பாதரசமானியை விட முடியுமா? வெள்ளி உறையும் 961.78 டிகிரி செல்சியசுக்கு மேலே, பொருள் வீசும் கதிரைக் கொண்டே வெப்பநிலையைச் சொல்ல வேண்டும் என்கிறது 1990-ஆம் ஆண்டின் சர்வதேச அளவுகோல். பல நாடுகள் தங்கள் ஆய்வகத்திலேயே இதை உண்டாக்கிக்கொள்கின்றன. அப்படியென்றால் டெல்லியில் 1500 டிகிரி என்பது ஜெர்மனியிலும் 1500தானா?

தெரிந்துகொள்ள ஒரு வழி, ஒரே விளக்கை ஆய்வகம் ஆய்வகமாகக் கொண்டுபோய் அளப்பது. அதற்கு டங்ஸ்டன் பட்டை விளக்கு உதவியது. இன்ன மின்னோட்டத்துக்கு இன்ன ஒளி என்று மாறாமல் எரியும். 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க, பிரிட்டிஷ், ஜெர்மானிய, ஆஸ்திரேலிய ஆய்வகங்கள் இப்படி ஒப்பிட்டு, தங்களுக்குள் இருந்த வித்தியாசத்தை அச்சிலேயே வெளியிட்டன. 1999-இல் பல நாடுகளின் தேசிய ஆய்வகங்கள் கையெழுத்திட்ட பரஸ்பர ஏற்பு உடன்பாட்டுக்கு இத்தகைய ஒப்பீடுகளே அஸ்திவாரம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டையின் நடுவில் சூடு அதிகம், முனைகளில் குறைவு. பார்க்கிற இடம் கொஞ்சம் தள்ளினாலும் கணக்கு மாறிவிடும். மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்த கம்பியில் வெப்பம் எப்படிப் பரவியிருக்கும் என்பதைத்தான் கிருஷ்ணன் 1950-களில் டெல்லியில் தம் மாணவர்களோடு ஆராய்ந்தார். 1961-இல் மறையும் வரை இயக்குநர் நாற்காலியோடு ஆராய்ச்சியையும் அவர் விடவில்லை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாளை தொழிற்சாலையில் ஒரு வெப்பமானியைக் கையில் எடுத்தால், அதன் சான்றிதழ் எந்த ஆய்வகம் வழியாக டெல்லி வரை போகிறது என்று கேளுங்கள். "நம்ம மீட்டர் சரிதான்" என்று நாமே சொன்னால் போதாது. அடுத்தவர் மீட்டரோடு வைத்துப் பார்த்து, எவ்வளவு வித்தியாசம் என்பதையும் எழுதி வைத்தால்தான் அது அளவு.