முப்பது ஆண்டு தாமதமான பதக்கம்

வீரப் பதக்கம், பெறுபவரின் செயலை மட்டும் பதிவுசெய்வதில்லை. கொடுக்கும் அரசு எதைச் சொல்ல விரும்புகிறது என்பதையும் சேர்த்தே பதிவுசெய்கிறது. அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன் இதற்குச் சரியான சான்று. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்துக்கு மேலே பறந்தவர், தம் நாட்டுப் படையினரே நிராயுதபாணிகளைச் சுட்டுக் குவிப்பதைக் கண்டார். பதுங்குகுழியில் ஒளிந்திருந்த கிராமத்தாருக்கும் படையினருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார்; படையினர் சுட்டால் திருப்பிச் சுடுங்கள் என்று தம் குழுவினரிடம் சொல்லிவிட்டு, அந்த மக்களை வேறு ஹெலிகாப்டர்களில் ஏற்றி அனுப்பினார். பிணங்கள் நிறைந்த வாய்க்காலிலிருந்து அவர் குழுவின் கிளென் ஆண்ட்ரியோட்டா ஒரு குழந்தையை உயிரோடு மீட்டார். இதற்காக முதலில் தாம்சனுக்குத் தரப்பட்ட பதக்கத்தின் சான்றுரையோ, குழந்தை இருதரப்புத் துப்பாக்கிச் சூட்டில் சிக்கியிருந்ததாகக் கூறியது. எதிர்த்துச் சுட ஆளே இல்லாத ஊரில் இருதரப்புச் சூடு! தாம்சன் அதைத் தூக்கி எறிந்தார்.

சொந்தப் படைமீதே துப்பாக்கியைத் திருப்புவது ஒழுங்குமீறல் அல்லவா என்று கேட்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர் மெண்டல் ரிவர்ஸ், தண்டிக்கப்பட வேண்டியவர் தாம்சன்தான் என்றே வாதிட்டார். ஆனால் நிராயுதபாணிகளைக் கொல்வதை ராணுவச் சட்டமே தடை செய்கிறது. அப்படியானால் ஒழுங்கை மீறியது யார்? தளம் திரும்பியதும் மேலதிகாரிகளிடம் முறையிட்டவர் தாம்சன். அதன் பிறகே சுடுவதை நிறுத்தும் உத்தரவு பிறந்தது. இந்தப் படுகொலைக்காக 1971இல் தண்டனை பெற்றவர் லெப்டினன்ட் வில்லியம் கேலி ஒருவர் மட்டுமே. 1998இல்தான் தாம்சனுக்கும் அவர் குழுவின் லாரன்ஸ் கோல்பர்னுக்கும் ஆண்ட்ரியோட்டாவுக்கும் இன்னொரு பதக்கம் வழங்கப்பட்டது. எதிரியோடு மோதாத சூழலில் காட்டும் வீரத்துக்கானது அது. ஆண்ட்ரியோட்டா மை லாய் நிகழ்ந்த மூன்றே வாரங்களில் போரில் இறந்திருந்தார்.